பாவாடை காலுக்குள் புகுந்தால் கார்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஒரு சிறுமி ஓடிவந்து திண்ணையில் உட்காருவதாக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிமேஷன் செய்திருக்கிறேன். ஓடும்போது அவளுடைய பட்டுப்பாவாடை காலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. உட்கார்ந்ததும் தொடையிடுக்கில் சிக்கித் துடிக்கிறது. நான் படிக்கும் பயிற்சி நிலையத்தில் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள், கடையும் அவர்களே காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பிளெண்டரின் துணி சிமுலேஷன், அதாவது துணி எப்படி அசையும் என்று போடும் கணக்கு, கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை, முழுக்க கம்ப்யூட்டரின் மையச் செயலியான சிபியுவில்தான் ஓடுகிறது. கார்டு ரெண்டருக்கு, அதாவது இறுதிப் படத்தை உருவாக்க, உதவும், பாவாடைக்கு உதவாது. பழைய கம்ப்யூட்டரில் விடை தாமதமாக வரும், தப்பாக வராது. மாணவரைக் கடைக்கு அனுப்பி கமிஷன் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்பதுதான் எனக்குக் கோபம். ‘பட்டுத்துணி செட்டிங்’ என்று ஃபைல் விற்பவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். பட்டு, பருத்தி போன்ற அமைப்புகள் பிளெண்டருக்குள்ளேயே இலவசமாக இருக்கின்றன.

சரி, பாவாடை ஏன் புகுகிறது? உங்கள் கண்ணுக்குக் கால் தொடர்ச்சியாக நகர்கிறது. கணக்கிலோ அது தாவித் தாவித்தான் போகிறது. பாவாடையை நோக்கிக் கால் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்றால் ஒரு ஃப்ரேமில் 12.5 செ.மீ. நகர்கிறது. ஒரு ஃப்ரேமை எத்தனை தாவலாகக் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் குவாலிட்டி ஸ்டெப்ஸ் என்ற இடத்தில் வழக்கமாக 5 இருக்கும். அப்படியானால் ஒரு தாவலுக்கு 2.5 செ.மீ. துணி மோதலை உணரும் தூரமோ வெறும் 1.5 செ.மீ. ஒரு கணக்கில் கால் துணிக்கு இந்தப் பக்கம், அடுத்த கணக்கில் அந்தப் பக்கம். நடுவில் இடித்தது யாருக்கும் தெரியாது. ஸ்டெப்ஸை 15 ஆக்குங்கள், தாவல் 1 செ.மீ.க்குக் கீழே வந்துவிடும். பேக் ஆக, அதாவது கணக்கு முழுவதையும் போட்டுச் சேமிக்க, நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

அதற்கு முன் சிறுமியின் உயரத்தைப் பாருங்கள். 1.2 மீட்டர் இருக்க வேண்டியவள் 120 மீட்டராக பிளெண்டருக்குள் வந்திருந்தால், புவியீர்ப்பு அவளை ராட்சசியாகவே நடத்தும். 1 மீட்டர் விழ 0.45 நொடி போதும், 100 மீட்டர் விழ 4.5 நொடி வேண்டும். துணி தண்ணீருக்குள் மிதப்பது போல அசைந்தால் காரணம் இதுதான். பயிற்சி நிலையத்தில் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று மாதக்கணக்கில் நடத்துகிறார்கள், இந்த ஒரு கணக்கைப் பலகையில் எழுதிக் காட்ட அவர்களுக்கு அரை மணி நேரம் கிடைப்பதில்லை.

தொடையிடுக்கு விஷயம் தனி. அங்கே ஸ்டெப்ஸை 50 ஆக்கினாலும் தீராது. உட்காரும்போது இரண்டு தொடைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும், பாவாடை மறைப்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நடுவில் மாட்டிய துணியை இடது தொடை வலப்பக்கம் தள்ளும், வலது தொடை இடப்பக்கம் தள்ளும். அது நிற்க இடமே இல்லை, அதனால்தான் துடிக்கிறது. பெரிய ஸ்டுடியோக்களிலும் இது அன்றாடத் தலைவலிதான். பிக்ஸாரைச் சேர்ந்த டேவிட் பாராஃப், ஆண்ட்ரூ விட்கின், மைக்கேல் காஸ் மூவரும் 2003இல் இதற்காகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உடம்பை நகலெடுத்து, தொடைகளை உட்பக்கமாக மெலிய வைத்து, எந்த ஃப்ரேமிலும் அவை தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். துணியை மோதித் தடுக்க வைக்கும் கொலிஷன் அமைப்பை அந்த நகலுக்கு மட்டும் கொடுத்து, ரெண்டரில் அதை மறைத்துவிடுங்கள். அசல் உடம்பில் கொலிஷனை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். நகலின் மாடிஃபையர் (உருவத்தை மாற்றும் அமைப்புகள்) பட்டியலில் கொலிஷன், உடம்பை அசைக்கும் எலும்புக்கூடான ஆர்மேச்சருக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே இருந்தால் கை விரித்து நிற்கும் அசையாத உடம்போடுதான் பாவாடை மோதிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பழைய கேஷை (முன்பு சேமித்த கணக்கை) அழித்துவிட்டு முதல் ஃப்ரேமிலிருந்து பேக் செய்யுங்கள்.