குடம்புளி சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா? கல்லீரலுக்கு நல்லதா?

மார்த்தாண்டம் பக்கத்துக்காரன் நான். எங்கள் வீட்டில் மீன்குழம்புக்குக் குடம்புளிதான். மழைக்காலத்தில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் மஞ்சள் பழங்களைப் பொறுக்கி வருவோம். குட்டிப் பூசணி மாதிரி வரிவரியாக இருக்கும். அம்மா தோட்டைப் பிய்த்து, வெயில் இருந்தால் முற்றத்தில், இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே புகையில் காயப்போடுவார். கருத்துச் சுருங்கியதும் உப்பும் தேங்காயெண்ணெயும் புரட்டிப் பானையில் போட்டுவிட்டால் வருஷம் கடந்தாலும் கெடாது. (யூடியூபில் சிலர் கொடுக்காப்புளிப் படத்தைப் போட்டு இதன் பெருமையைப் பேசுகிறார்கள். அது வேறு மரம்.)

நாலு வருஷத்துக்கு முன் என் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168 என்று ரிப்போர்ட் வந்தது. சித்தி சொன்னபடி இரண்டு துண்டை ராத்திரி ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். மூன்று மாசம் கழித்துப் பார்த்தால் 163. இன்றைக்கும் நாளைக்கும் ரத்தம் எடுத்தாலே அந்த அளவு ஏறி இறங்கும். மிச்சமானது பல்கூச்சமும் நெஞ்செரிச்சலும்தான். அப்புறம் டாக்டர் எழுதித் தந்த ஸ்டாட்டின் மாத்திரையில்தான் இறங்கியது.

அதற்காக இது வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. தோட்டில் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் இருக்கிறது. நம் உடம்பு கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் உண்டாக்க ஒரே மூலப்பொருளைத்தான் எடுக்கிறது. அதை வெட்டித் தருவது ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி. அந்த நொதியை இந்த அமிலம் தடுக்கிறது. 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெம்பிடோயிக் அமிலம் என்ற கொலஸ்ட்ரால் மருந்து குறிவைப்பதும் இதே நொதியைத்தான். ஆனால் அது கல்லீரலுக்குள் போன பிறகே வேலை செய்யும்படி வடிவமைத்த மருந்து. சோதனைக் குழாயில் நடப்பது ஊறவைத்த தண்ணீரில் நடந்துவிடும் என்று நினைத்ததுதான் என் தப்பு.

எடை குறைப்பிலும் இதே கதைதான். 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் ஆய்வு செய்தார்கள். தினம் 1500 மில்லிகிராம் அமிலம் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

கல்லீரல் விஷயத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். 'கார்சினியா' என்ற பேரில் விற்கிற கேப்ஸ்யூல் இந்தத் தோட்டின் சாற்றை அடர்த்தியாக்கியது. இதனால் கல்லீரல் கெட்ட 22 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் பெரும்பாலோர் கிரீன் டீ சாறும் கலந்த மாத்திரை எடுத்தவர்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. நமக்கு அது இருக்கிறதா என்று யார் சோதித்துவிட்டு மாத்திரை வாங்குகிறோம்?

குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து பேர் சாப்பிடும் சட்டிக்கு மூன்று துண்டு, அதுவும் கடைசியில் அடியில்தான் கிடக்கும். கேப்ஸ்யூல் எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். "மருந்து எதுவும் சாப்பிடவில்லை, மூலிகைதான்" என்று சொல்லிவிடாதீர்கள்.