கடைசி வாங்குக்குத் தெரிகிறதா?

வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறையில் படமும் ஒலியும்

எங்கள் பாடசாலையில் 3000 லூமன் (வெளிச்ச அளவு) மல்ரிமீடியா புரொஜெக்டர் இருக்கிறது. காலையில் படம் வெளிறிப் போய்த் தெரிகிறது. 5000 லூமனில் புதிது வாங்கலாமா?
– ஆசிரியை, சாவகச்சேரி

காசைக் கொட்டுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை எறிய முடியாது. வெயிலும் மின்விளக்கும் சுவரை எவ்வளவு வெளிறச் செய்கின்றனவோ, அதுதான் உங்கள் படத்தின் கறுப்பு. ஆகவே திரைப் பக்கத்து ரியூப்லைட்டை அணைத்து, திரைக்குக் கிட்டவுள்ள யன்னல்களை மட்டும் தடித்த துணியால் மறையுங்கள். பின்பக்கம் வெளிச்சமாகவே இருக்கட்டும். பிள்ளைகள் கொப்பியில் எழுத வேண்டுமே. கிழக்கு யன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் படம் போட்டால், முதலாம் பாடவேளையில் 5000 லூமனும் தோற்கும்.

அடுத்தது அளவு. பெரிய படம்தான் நல்ல படம் என்று நினைத்துச் சுவர் முழுக்க இழுத்துவிடுகிறோம். கடைசி வாங்கு திரையிலிருந்து 24 அடியில் இருந்தால், படத்தின் உயரம் அதில் ஆறில் ஒன்று, அதாவது 4 அடி போதும். 16:10 படத்துக்கு அகலம் 6.4 அடி வரும். அதையே 10 அடி அகலமாக்கினால் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வெளிச்சமும் அந்த அளவுக்கு ஐதாகிவிடும். கையேட்டில் எறிதூர விகிதம் (படத்தின் அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றிருந்தால், 6.4 அடியை 1.5 ஆல் பெருக்குங்கள். திரையிலிருந்து 9.6 அடியில் மேசை.

இதற்குப் பிறகும் மங்கலென்றால் உள்ளே பாருங்கள். மைதானத்து மணலும் சோக்குத்தூளும் காற்றுவடியை (ஏர் ஃபில்ரரை) அடைத்தால், சூடேறி இயந்திரம் தானாக நின்றுபோகும். விளக்கின் ஆயுளும் குறையும். மாதம் ஒருமுறை வடியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டுங்கள். மெனுவில் விளக்கு எரிந்த மணித்தியாலத்தையும் பாருங்கள். கம்பனி சொல்லும் ஆயுள் பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையுள்ள காலம்தான். அந்தக் கணக்கை எட்டியிருந்தால் விளக்கை மட்டும் மாற்றலாம். 5000 லூமன் பேச்சு அதற்குப் பிறகு.

வீட்டில் தமிழில் செய்த ஸ்லைட், பாடசாலைக் கணினியில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. வைரஸா?
– ஆசிரியர், மானிப்பாய்

வைரஸ் இல்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி உள்ளே பதிந்துகொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினி அதைத்தான் அப்படியே காட்டும். நாளைக்கே பாடமென்றால் பீடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். ஸ்லைட்டில் அசைவுகள் வேலை செய்யா, ஆனால் எழுத்துத் தப்பும். நிரந்தரத் தீர்வு, பாமினியை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றி, விண்டோஸில் ஏற்கெனவே உள்ள நிர்மலா யூஐ எழுத்துருவில் வைப்பது. மாற்றியபின் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பியிருக்கும்.

எழுத்தின் பருமனைச் சோதிக்கவும் வழி உண்டு. 15.6 அங்குல லப்டொப்பின் திரை உயரம் ஏறக்குறைய 7.6 அங்குலம். அதன் ஆறு மடங்கு, அதாவது 4 அடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் நின்று வாசியுங்கள். அங்கிருந்து உங்களுக்குத் தெரியாத எழுத்து, மேலே சொன்ன கணக்கில் கடைசி வாங்குக்கும் தெரியாது. தமிழுக்கு மேலே புள்ளியும் விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். ஸ்லைட்டுக்கு ஏழு வரி போதும்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். என்ன செய்யலாம்?
– பழைய மாணவர், காரைநகர்

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் நிலக்கம்பி வழியாக வரும் சுற்றுத்தான் காரணம். லப்டொப், அம்பிளிபயர், புரொஜெக்டர் மூன்றையும் ஒரே மல்ரிபிளக்கில் செருகுங்கள். போகாவிட்டால் ஓடியோ வயரின் நடுவே அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் ஒன்று போடலாம். பிளக்கின் நிலமுனையை வெட்டிவிடும் வேலை வேண்டவே வேண்டாம். இரைச்சல் போகும், ஆளும் போகலாம். தொடர்ச்சியாக இல்லாமல் ‘கிறீச்’ என்று விட்டுவிட்டு வந்தால், உப்புக்காற்றில் களிம்பு பிடித்த ஜாக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பாடத்தைப் போனில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். டேட்டா முடிகிறது, கரும்பலகையும் தெளிவில்லை என்கிறார்கள்.
– தனியார் கல்வி நிலைய ஆசிரியர், பருத்தித்துறை

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிற் வேகத்தில் பதிந்த 40 நிமிட வீடியோ 300 எம்பி. வெறும் குரலை 32 கிலோபிற்றில் பதிந்தால் அதே 40 நிமிடம் 10 எம்பிக்கும் குறைவு. கரும்பலகைப் பாடத்தில் அசைவது உங்கள் கை மட்டும்தான். அதனால் குரல்பதிவோடு, பலகை நிரம்பும் ஒவ்வொரு முறையும் எடுத்த படத்தை இலக்கமிட்டு அனுப்புங்கள். படங்களை ‘டொக்கியூமென்ற்’ ஆக அனுப்பினால் வட்ஸ்அப் நசுக்காது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் இருக்கட்டும். எட்டடி தூரத்துப் போனுக்கு உங்களைவிட மின்விசிறிதான் நன்றாகக் கேட்கும்.

வீடியோவேதான் வேண்டுமென்றால், படத்தில் கோடுகள் ஓடாமலிருக்க ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மின்விளக்கு அதற்கேற்பத் துடிக்கும்.

வீடியோ போட்டால் பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள். பிறகு கேட்டால் ஒன்றும் தெரியாது.
– ஆசிரியை, கோப்பாய்

அமைதி கவனமல்ல. போடுவதற்கு முன் இரண்டு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கொப்பியில் எழுதவிட்டுத் தொடருங்கள். முதல்தரம் ஒலியில்லாமல் ஓட்டி, பிள்ளைகளையே விளக்கச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும்.

எதற்குப் போடுகிறோம் என்பதும் முக்கியம். ஆறு வளைந்து மண்ணை அரித்துப் படிவு சேர்ப்பதைக் காட்ட வீடியோ வேண்டும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர யாழ்ப்பாணத்தில் வேறென்ன ஆறு இருக்கிறது? வெங்காயத்தோலின் கலத்துக்கு வீடியோ தேவையில்லை. சந்தையில் வெங்காயம் வாங்கலாம். ஆய்வுகூட அலுமாரியில் நுணுக்குக்காட்டி பூட்டியிருக்கும், திறப்பைக் கேட்டு வாங்குங்கள்.