சீகுங்கில் அசையாமல் நிற்பதால் மனம் அமைதியாகுமா, கூன் நிமிருமா?

சீகுங் என்ற சீன உடல்-மூச்சுப் பயிற்சியில் சும்மா நிற்பது எப்படிப் பயிற்சியாகும், மன அமைதிக்கும் நிமிர்ந்த உடம்புக்கும் அது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் அது சும்மா நிற்பது இல்லை.

சீனர்கள் இதை ஜான் ஜுவாங் என்கிறார்கள். நட்ட கம்பம் போல நிற்பது என்று பொருள். யீச்சுவான் என்ற போர்க்கலையை உருவாக்கிய வாங் சியாங்ஜாய் (1885–1963) இதைத்தான் தன் முறைக்கு அடித்தளமாக வைத்தார்.

பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் நேராக முன்னால். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாகத் தளர்த்துங்கள். உச்சந்தலையை யாரோ நூல் கட்டி மேலே தூக்குவதாகவும், வால் எலும்பு கீழே தொங்குவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கைகள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பெரிய பந்தை அணைத்தபடி இருக்கட்டும். தோள் மேலே ஏறக்கூடாது. மூச்சு அதன் போக்கில் போகட்டும்.

இரண்டு மூன்று நிமிடத்திலேயே தோள் கடுக்கும், தொடை நடுங்கும். பயிற்சி உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது என்பேன். எந்தத் தசை தேவையில்லாமல் இறுகியிருக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். அதை ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தளர்த்த, எலும்புகள் பாரத்தை ஏற்கும். கவனம் முழுக்க உடம்பில் இருப்பதால் மனமும் அலைவதைக் குறைத்துக்கொள்ளும்.

முதல் வாரம் 3 நிமிடம் போதும், அப்புறம் மெல்ல மெல்ல 15, 20 வரை போகலாம். கை கடுத்தால் தொப்புள் உயரத்துக்கு இறக்குங்கள். முட்டியில் சுருக்கென்று வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே உட்கார்ந்துவிடுங்கள். கூன் விஷயத்தில் ஒன்று: மீதி நேரமெல்லாம் கைபேசி மேல் குனிந்தே இருந்தால் இந்த 20 நிமிடம் ஈடுகட்டாது. நிற்கும்போது கிடைக்கும் அந்த நிமிர்வை நாற்காலிக்கும் கொண்டுபோங்கள்.