முஹம்மது அசத்: இஸ்லாமும் மேற்குலகும் – கேள்வி பதில்

கேள்வி: இஸ்லாமியச் சிந்தனையாளரும் எழுத்தாளருமான முஹம்மது அசத் பிறப்பால் முஸ்லிம் அல்லவாமே?

பதில்: ஆம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லெம்பர்க் (இன்று உக்ரைனிலுள்ள லிவீவ்) நகரில் 1900-இல் யூதக் குடும்பமொன்றில் லியோபோல்ட் வைஸ் என்ற பெயருடன் பிறந்தவர். ஜெர்மன் நாளிதழ் ஒன்றின் செய்தியாளராக அரபு நாடுகளில் சுற்றிய பிறகு, 1926-இல் பெர்லினில் இஸ்லாத்தை ஏற்றார்.

கேள்வி: அவரது ‘இஸ்லாம் அட் தி கிராஸ்ரோட்ஸ்’ நூலை மேற்குலக வெறுப்பு நூல் என்கிறார்களே, சரியா?

பதில்: கடுமையான நூல்தான், ஆனால் 1934-இல் வெளிவந்த அந்நூலின் கடுமையில் பெரும்பங்கு முஸ்லிம்களின் மீதே விழுகிறது என்பதைக் குறை சொல்பவர்கள் கவனிப்பதில்லை. அறிவு கிழக்குக்கோ மேற்குக்கோ சொந்தமானதன்று, ஆகவே அறிவியலை எங்கிருந்தும் கற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. அவர் எதிர்த்தது, மேற்கத்திய ஆட்சியாளர்களின் நடை, உடை, வாழ்க்கை நோக்கு ஆகியவற்றை அப்படியே பின்பற்றுவதைத்தான். ஆடை வெறும் புறத்தோற்றம் அன்று, அதை மாற்றுகிறவரின் ரசனையும் மனப்போக்கும் மெல்ல மாறிவிடும் என்று அவர் வாதிடுகிறார். இது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. ஆனால், காலனி ஆட்சியில் படித்த வர்க்கம் எப்படி உருவானது என்பதை நேரில் கண்டவரின் வாதம் அது.

கேள்வி: ஐரோப்பாவின் இஸ்லாமிய எதிர்ப்புக்குச் சிலுவைப் போர்களே காரணம் என்கிறாரே?

பதில்: சிறுவயதில் பதிந்த அச்சம் ஒரு மனிதனை வாழ்நாள் முழுதும் தொடர்வதுபோல, ஐரோப்பியப் பண்பாடு உருவாகிவந்த காலத்து அப்போர்கள் அதன் மனத்தில் வடுவாகத் தங்கிவிட்டன என்கிறார். ஆழமான பார்வைதான். ஆனால் பல நாடுகளையும் பல நூற்றாண்டுகளையும் ஒரே மனமாகக் காண்பது இதன் பலவீனம். வாணிபமும் காலனி ஆதிக்கமும் இந்த விளக்கத்தில் பின்னுக்குப் போய்விடுகின்றன.

கேள்வி: 1954-இல் வந்த ‘தி ரோட் டு மக்கா’ இவ்வளவு கடுமையாக இல்லையே, கருத்தை மாற்றிக்கொண்டாரா?

பதில்: மாறியது வாசகர் கூட்டம் என்பேன். முந்தையது முஸ்லிம்களை நோக்கி எழுதப்பட்டது, பிந்தையது, ஐ.நா.வில் பாகிஸ்தானின் பிரதிநிதியாக இருந்து பதவி விலகிய பின், மேற்கத்திய வாசகர்களுக்காக எழுதப்பட்ட தன்வரலாறு. அடிப்படை விமர்சனம் அதிலும் அப்படியே இருக்கிறது. பெர்லின் சுரங்க ரயிலில் நன்கு உடுத்தி, வயிறார உண்டு வாழ்பவர்களின் முகங்களில் மறைந்திருந்த வேதனையைக் கண்டு வீடு திரும்பியவர், மேசைமீது திறந்திருந்த குர்ஆனில் ‘அத்தகாஸுர்’ அத்தியாயத்தைப் படிக்கும் பகுதியைப் பாருங்கள். மேன்மேலும் சேர்க்கும் பேராசையைக் கண்டிக்கும் அத்தியாயம் அது.

கேள்வி: ஆலிம்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) அவரை ஏற்கிறார்களா?

பதில்: ஒரே குரலில் அல்ல. நபிமொழியையும் சுன்னா எனப்படும் நபிவழியையும் உறுதியாக ஆதரித்து அவர் எழுதியவற்றைப் போற்றுபவர்களில் பலரே, 1980-இல் முழுமையாக வெளிவந்த அவரது குர்ஆன் விளக்கவுரையைக் கண்டிக்கிறார்கள். இப்ராஹீம் நபி நெருப்பில் எறியப்பட்ட நிகழ்வை உருவகமாகக் கொண்டது போன்ற இடங்கள்தாம் அதற்குக் காரணம்.