மூன்று வயதாகியும் வாக்கியமாகப் பேசாத மகன்: காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 3 வயது 1 மாதம். ‘அம்மா’, ‘பா’ (பால்), ‘கா’ (கார்) என்று இருபது சொற்கள்கூட இன்னும் வரவில்லை. கைபேசியில் பாட்டு ஒலித்தால் அடுத்த அறையிலிருந்தும் ஓடிவருகிறான். ‘இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்’ என்கிறார் என் மாமியார். வசம்பைச் சுட்டு நாக்கிலும் தடவுகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: இனியும் காத்திருக்க வேண்டாம், அம்மா. முதல் வேலையாக அவனுடைய செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். 2 வயது நிறையும்போது பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 50 சொற்களைப் பேசுவதோடு, ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்று சொற்களைச் சேர்க்கவும் தொடங்கிவிடுவார்கள். 3 வயதில் மூன்று சொல் வாக்கியங்கள் வந்துவிடும், அவர்கள் பேசுவதில் முக்கால் பங்கு வெளியாருக்கும் புரியும். ஓரிரு மாதங்கள் முன்பின் ஆவது இயல்புதான் என்றாலும், உங்கள் மகனிடம் காணும் தாமதம் அதைவிடப் பெரியது.

பாட்டுக்கு ஓடிவருகிறானே, காதில் என்ன குறை இருக்கும் என்று நீங்கள் எண்ணுவது புரிகிறது. ஆனால், அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கும் குழந்தைக்கும், கீச்சொலிகள் மட்டும் கேளாத குழந்தைக்கும் குக்கர் விசில், பாட்டு, கதவு தட்டும் ஓசை ஆகியவற்றில் ஏதோ ஒன்று கேட்கத்தான் செய்யும். ‘பால்’, ‘கால்’, ‘வால்’ மூன்றும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த மெல்லிய வேறுபாடு காதில் விழாத குழந்தைக்கு மூன்றும் ஒரே ‘ஆல்’ போலக் கேட்கும். அவன் எதைப் பார்த்துச் சொல்லப் பழகுவான்? செவித்திறனை அறியக் காதுக்குள் சிறு கருவி வைத்துச் செய்யும் ஓ.ஏ.இ. சோதனையும், குழந்தை உறங்கும்போது செய்யும் பெரா சோதனையும் வலியில்லாதவை.

அடுத்து, அவன் எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்று பாருங்கள். கையாலோ கண்ணாலோ குறிப்புக் காட்டாமல், ‘செருப்பை எடுத்துப் பாட்டியிடம் கொடு’ என்று சொன்னால் செய்கிறானா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா? பறவையைக் கண்டால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? இவையும் இல்லையென்றால் ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுகளையும் ஆராய வேண்டியிருக்கும் என்பதால், குழந்தைநல மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தாமதமாகப் பேசுவது குடும்பவழியில் வரக்கூடும் என்று உங்கள் மாமியார் கருதுவது தவறன்று. எனினும், தானாகவே பேசிவிடும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழியில்லை. வசம்பால் பேச்சு வராது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் தீங்கு விளைவிக்கக்கூடியது என்பதால் தடவுவதை நிறுத்திவிடுங்கள். ‘ர’, ‘ற’, ‘ழ’ ஒலிகள் இந்த வயதில் திருந்தி வராததற்கு மட்டும் கவலைப்படத் தேவையில்லை. அவை 5, 6 வயதுவரைகூட நேரம் எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் கைபேசியைக் குறையுங்கள். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. அவன் ‘பா’ என்றால், ‘பால் வேணுமா? சூடான பால்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லிவிட்டு, அவன் வாய் திறக்கச் சில நொடிகள் காத்திருங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று மட்டும் பாலைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். பேச்சே அவனுக்குத் தண்டனையாகிவிடும்.

2013 முதல் நடைமுறையிலுள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இந்தச் சோதனைகளையும் பேச்சுப் பயிற்சியையும் கட்டணமின்றிப் பெறலாம்; உங்கள் ஊர் மையம் எங்குள்ளது என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது அவன் இப்போது சொல்லும் சொற்களை எல்லாம், ‘பா’, ‘கா’ என்று அவன் சொல்லும் விதத்திலேயே, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.