வேலை அனுபவம் இல்லாதபோது, விண்ணப்பத்தில் ‘கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

கேட்டிருப்பவர் பிளஸ் டூ முடித்துவிட்டு முதல்முறையாக ஒரு சூப்பர் மார்க்கெட் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி. இதுவரை எங்குமே வேலைக்குப் போனதில்லை, அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடலாமா, அல்லது ஏதாவது ஒரு கடையில் இருந்ததாகக் கற்பனையாக எழுதலாமா என்பது அவருடைய சந்தேகம்.

இரண்டும் வேண்டாம் தம்பி. நான் திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் கவுன்டரில் சேர்ந்து, இப்போது ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எழுத ஏதோ ஒன்று அவர்களிடம் இருந்திருக்கும், அது கணக்கில் வரும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொய் எழுதுவதைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். 2011-ல் என் முதல் விண்ணப்பம் ஒரு ஜவுளிக்கடைக்கு. நெட் சென்டரில் ஃபாரம் நிரப்பிக் கொடுத்த அண்ணன், “ஆறு மாசம் ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல இருந்தேன்னு போடும்மா, யாரு போய்ப் பார்க்கப் போறா” என்றார். போட்டுவிட்டேன். நேர்முகத்தில் ஒரு பெரியவர் ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார்: “ஒரு டஜன் வளையல் வாங்கிட்டுப் போனவங்க, வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா ஒண்ணு உடைஞ்சிருக்குன்னு திருப்பிக் கொண்டு வந்தா, உங்க கடையில என்ன பண்ணுவீங்க?” எனக்கு வாய் எழவில்லை. அவர் திட்டவில்லை, என் ஃபாரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு “சரிம்மா, சொல்லி அனுப்புறோம்” என்றார். படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது, சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று.

வீட்டுக்கு வந்து அழுதபோது சித்திதான் சொன்னார்: “மாமா கல்யாணத்துல பந்தியில நின்னு அந்த ஆளைச் சமாளிச்சியே, அதைச் சொல்லியிருக்கலாம்ல.” கல்யாண வீட்டில் பரிமாறியதைப் போய் வேலை விண்ணப்பத்தில் எழுதுவார்களா என்று அப்போது நினைத்தேன். அடுத்த விண்ணப்பத்தில், இந்தக் கடைக்கு, அதைத்தான் எழுதினேன்.

நடந்தது இதுதான். மூன்றாவது பந்தி. சாம்பார் தீர்ந்து, அடுத்த அண்டா இன்னும் அடுப்பில் இருந்தது. கடைசி வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இலையின் மேல் கையை வைத்துக்கொண்டு, “இலை போட்டுக் கால் மணி நேரமாச்சு, எங்களைப் பார்த்தா இளக்காரமா இருக்கா?” என்று சத்தம் போட்டார். பரிமாறிக்கொண்டிருந்த பையன்கள் “வந்துரும், வந்துரும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான் போய், “பெரியப்பா, சாம்பார் இப்பத்தான் கொதிக்குது, அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பருப்பும் நெய்யும் போடட்டுமா?” என்றேன். அவர் பதில் பேசவில்லை. இலையிலிருந்து கையை மட்டும் எடுத்தார்.

இதை ஆறே வரியில் எழுதியிருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, “அப்புறம் அவருக்கு சாம்பார் வந்துச்சா?” என்று கேட்டார். “வந்தது சார், வாளியை நேரா அவர் இலைக்குத்தான் கொண்டு போனேன்” என்றேன். அதற்கு மேல் அவர் அந்தக் கேள்விக்குள் போகவில்லை.

அந்தச் சம்பவத்தில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்கே பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. கோபமாக இருப்பவரிடம் நியாயம் பேசப் போகவில்லை. ‘வந்துரும்’ என்று மழுப்பாமல் எத்தனை நிமிஷம் என்று சொன்னேன். கையில் இருந்ததை முதலில் கொடுத்தேன். சொன்னபடி திரும்பி வந்தேன். பில்லிங் கவுன்டரில் சர்வர் நின்றுபோய் வரிசை வாசல்வரை நீளும்போதும் இன்றைக்கும் நாங்கள் செய்வது இதையேதான்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். மாமா கடையில் லீவு நாளில் உட்கார்ந்திருப்பீர்கள். ஊர்த் திருவிழாவில் மோர்ப் பந்தலில் நின்றிருப்பீர்கள். என்.எஸ்.எஸ். முகாமில் கூட்டத்தை வரிசைப்படுத்தியிருப்பீர்கள். வங்கியில் யாரோ ஒரு பாட்டிக்குப் பணம் எடுக்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். பணம் கைமாறியிருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. ஒருவருக்கு ஏதோ தேவைப்பட்டது, அவர் பொறுமை இழந்திருந்தார், நீங்கள் ஒன்று செய்தீர்கள். அது போதும்.

எழுதும்போது எங்கே நடந்தது, அவருக்கு என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்ற வரிசையில் எழுதுங்கள். பயிற்சி வகுப்புகளில் இதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள், பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் அதிகம் பார்க்கும் தவறு, அந்த ஆள் எவ்வளவு மோசமாகப் பேசினார் என்று நாலு வரி, ‘நான் பொறுமையாகச் சமாளித்தேன்’ என்று ஒரே வரி. எப்படிச் சமாளித்தீர்கள் என்றுதானே கேள்வி? நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள். ஃபாரம் ஆங்கிலத்தில் இருந்தால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். பெரிய ஆங்கில வார்த்தைகளை எங்கிருந்தோ எடுத்துப் போட்டால், நேர்முகத்தில் அதற்கு அர்த்தம் கேட்பார்கள்.

அடுத்து, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’ வகைக் கேள்விகள். இதற்கு அனுபவமே தேவையில்லை, ஆனால் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். உதாரணமாக, வாங்கிய பொருள் சரியில்லை என்று ஒருவர் திரும்பி வருகிறார். புதியவர்களில் சிலர் ‘உடனே பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன்’ என்று எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கேஷியர் தன் இஷ்டத்துக்குக் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க முடியாது, இரவு கணக்கு முடிக்கும்போது குறையும் தொகைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு சிலர் ‘பில் இல்லாமல் முடியாது என்று சொல்வேன்’ என்று எழுதுவார்கள். அதுவும் வேலைக்கு ஆகாது. நான் எதிர்பார்ப்பது இந்த மாதிரி: ‘அவர் சொல்வதை முழுவதும் கேட்பேன். பொருளையும் பில்லையும் வாங்கிப் பார்ப்பேன். பில் தொலைந்திருந்தால் மொபைல் நம்பரை வைத்து சிஸ்டத்தில் தேட முடியுமா என்று பார்ப்பேன். மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் நானே அழைத்துப் போய் விஷயத்தைச் சொல்வேன், வாடிக்கையாளர் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.’ அந்தக் கடைசி வரியை எழுதுபவரை நான் கட்டாயம் நேர்முகத்துக்குக் கூப்பிடுவேன்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று திரும்பக் கொண்டுவருவது வேறு, அது அந்தந்தக் கடையின் விதி. அதனால் ‘பொருள் பழுதா, இல்லை மனம் மாறிவிட்டாரா என்று முதலில் பார்ப்பேன்’ என்று ஒரு வரி சேர்த்தால், இந்தப் பையன் யோசிக்கிறான் என்று படிப்பவருக்குத் தெரியும்.

‘வாடிக்கையாளர் சொல்வது தவறு என்று தெரிந்தால்?’ என்றும் கேட்பார்கள். எங்கள் கவுன்டரில் நடந்ததைச் சொல்கிறேன். மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் நாணயம் கொடுத்ததும் ஓர் அம்மா வாங்க மறுத்தார். புதிதாகச் சேர்ந்த பெண் “செல்லும்மா, ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு” என்று மூன்று முறை சொன்னாள். அவள் சொன்னது சரி. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. அந்த அம்மாவோ, “செல்லும்னு எனக்கும் தெரியும், பஸ்ல வாங்க மாட்டேங்கிறாங்களே, நான் ஊருக்குப் போகணும்” என்றார். பக்கத்துக் கவுன்டரிலிருந்து பத்து ரூபாய் நோட்டு வாங்கிக் கொடுத்தேன், அத்தோடு முடிந்தது. ஏன் மறுக்கிறார் என்று முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று முறை விளக்கம் சொல்லியிருக்கவே வேண்டாம். உங்கள் பதிலிலும் ‘ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்பேன்’ என்பது இருக்கட்டும்.

வாடிக்கையாளர் உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள் என்று இருந்தால், ‘தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்’ என்பதே சரியான பதில். ஊகித்துச் சொல்வேன் என்று எழுதிவிடாதீர்கள்.

‘நல்ல வாடிக்கையாளர் சேவை என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு, காந்தி சொன்னதாகக் கடைகளில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் வாசகத்தை எழுதாதீர்கள். நிறையப் பேர் அதையே எழுதுகிறார்கள். உங்களை ஒருவர் நன்றாகக் கவனித்ததை எழுதுங்கள். போன வருஷம் ஒரு பெண், தன் தாத்தாவுக்கு மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் ஒவ்வொரு மாத்திரை அட்டையின் மேலும் பேனாவால் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதிக் கொடுத்ததையும், அதன் பிறகு தாத்தா யாரையும் கேட்காமல் தானே மாத்திரை போட்டுக்கொண்டதையும் எழுதியிருந்தாள். மூன்றே வரி. இன்றைக்கு அவள் எங்களிடம் இருக்கிறாள்.

கெட்ட வார்த்தை பேசினால் என்ன செய்வீர்கள் என்று இருந்தால், ‘எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன்’ என்று தயவுசெய்து எழுத வேண்டாம். பதிலுக்குக் கத்த மாட்டேன், உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன் என்று எழுதுங்கள். மிரட்டினாலோ கை வைத்தாலோ பொறுத்துக்கொள்வது உங்கள் வேலையில் சேர்ந்தது இல்லை. இதைப் படிக்கும் தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

‘நாள் முழுவதும் நின்று வேலை பார்க்க முடியுமா?’ என்ற கட்டமும் சில ஃபாரங்களில் இருக்கும். முடியும் என்றால் முடியும் என்று எழுதுங்கள், காலில் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் உட்காருவோம். நேர்முகம் முடியும்போது ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், வார விடுமுறை எந்த நாள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) உண்டா, கவுன்டரில் ஸ்டூல் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.