பிஹெச் விடை 3.6-ஆ, 3.60-ஆ?

கேள்வி: ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.5 × 10⁻⁴ மோலார் எனக் கொடுத்து பிஹெச் (அந்தச் செறிவின் பத்தடி மடக்கை, குறி மாற்றியது) கேட்டிருந்தார்கள். கால்குலேட்டரில் 3.60206 வந்தது. தரவில் இரண்டு முக்கிய எண்ணுருக்கள் (அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள்) தானே என்று 3.6 என எழுதினேன். விடைக்குறிப்பில் 3.60 இருக்கிறது. மூன்று இலக்கம் எப்படி வந்தது?

பதில்: விடைக்குறிப்பு சரிதான். 3.60-இல் முன்னால் நிற்கும் 3 முக்கிய எண்ணுருவாகக் கணக்கில் சேராது. 2.5 × 10⁻⁹ மோலாருக்கு எதிர்க்குறி மடக்கை போட்டுப் பாருங்கள், 8.60 வரும். செறிவு ஒரு லட்சம் மடங்கு குறைந்தும் .60 அசையவில்லை. முழு எண் பகுதி பத்தின் அடுக்கிலிருந்து வருகிறது. நீங்கள் அளந்த 2.5 முழுக்கத் தசமப் பகுதிக்குள் இருக்கிறது. அதனால் தரவில் எத்தனை முக்கிய எண்ணுருக்களோ, மடக்கையில் புள்ளிக்குப் பின் அத்தனை இலக்கங்கள். மடக்கை அட்டவணை பார்த்துப் பழகியவர்களுக்கு இது தானாகவே புரியும். அட்டவணையில் தேடுவது தசமப் பகுதியை மட்டும்தான், முழு எண்ணை நாமே போட்டுக்கொள்வோம்.

3.6 என்று நிறுத்தினால் என்ன குடி முழுகிவிடும்? 3.6 என்றால் 3.55 முதல் 3.65 வரை எதுவாகவும் இருக்கலாம். அதைச் செறிவாக்கினால் 2.2 × 10⁻⁴ முதல் 2.8 × 10⁻⁴ வரை போகும். 2.5 என்று அளந்து வைத்த துல்லியம் போய்விட்டது. 3.60 என்றால் 2.48-க்கும் 2.54-க்கும் இடையில் நிற்கும்.

எதிர்மடக்கைக்கு, அதாவது பிஹெச்சிலிருந்து செறிவுக்குத் திரும்பும்போது, இதையே திருப்பிப் போடுங்கள். பிஹெச் 4.746 என்றால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், ஆகவே செறிவு 1.79 × 10⁻⁵. பிஹெச் 11.3 என்றால் 5 × 10⁻¹² மட்டுமே. கால்குலேட்டர் 5.0119 என்று காட்டுகிறதே என்று அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். வெறும் 7 என்று கொடுத்திருந்தால், கண்டிப்பாகப் பார்த்தால் பத்தின் எந்த அடுக்கு என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. 7.00 என்றால்தான் 1.0 × 10⁻⁷ என்று எழுதலாம்.

அப்புறம், கணக்கின் நடுவில் எங்கேயும் முழுமையாக்க வேண்டாம். பிகேஏ (அமிலப் பிரிகை மாறிலியின் எதிர்க்குறி மடக்கை) கண்டுபிடித்து அதிலிருந்து பிஹெச்சுக்குப் போகும்போது எல்லா இலக்கங்களையும் கால்குலேட்டரிலேயே வைத்திருங்கள். கடைசி வரியில் முழுமையாக்கினால் போதும்.

இயல் மடக்கையில் (ln) பத்தின் அடுக்கு இப்படித் தனியாகப் பிரிந்து நிற்காது. அங்கே இந்த விதி ஒரு தோராயம்தான். சந்தேகம் வந்தால், தரவில் உள்ள பிழையைத் தரவால் வகுத்துப் பாருங்கள். இயல் மடக்கையில் வரும் பிழை ஏறக்குறைய அதுவே. 2.5-இல் 0.1 பிழை என்றால் 0.04, எனவே இரண்டு தசம இடங்கள் வரை எழுதலாம்.